கண் மேலாக

மேட்டுப்பாளையத்திலிருந்து நாலு மூட்டை விதைக்கிழங்கு.
இரண்டு எனக்கு, இரண்டு தங்கச்சி அஞ்சலாட்சிக்கு.
என் பங்கை ஒடுகத்தூர் சந்தையடியில் தள்ளிவிட்டு
மரக்காணம் இன்னும் எவ்வளவு தூரம் என்று
லாரிக்காரன் என்னையே கேட்டான்.

ஆடிப் பட்டத்துக்குப் பழமொழி இருக்கிறது.
இதற்கு இல்லை.
எங்கள் பக்கம் யாரும் நட்டுப் பார்த்து
தோற்றதுகூட இல்லை.
மல்லாட்டைக்கு ஓட்டிய ஏரை நிறுத்திவிட்டு
வரப்பிலிருந்து தசரதன் கேட்டார்:
"வேலூர் வெயிலுக்கு ஊட்டிக் கிழங்கா?"

வெயிலுக்கு இல்லை.
வெயில் முழித்துக்கொள்வதற்கு முன்னால்
எண்பது ராத்திரி கிடக்கிறது.
ஜவ்வாது மலையிலிருந்து குளிர் இறங்கி
உத்திரகாவேரி மணலில் படுத்துக்கொள்ளும் ராத்திரி.
அந்தக் குளிரில்தான் கிழங்கு கட்டும்.
அதை நம்பி சொசைட்டியில் நகை.

கடலோரத்து மண் சலித்த மாவு.
உழுத அன்றே பார் பிடித்துவிடலாம்.
ஐப்பசி முடிவதற்குள் அவள் நட்டுவிட்டாள்.
"முந்தினா பாண்டி மார்க்கெட்ல கிலோவுக்கு
எட்டு ரூவா கூட வரும்க்கா" என்று
காற்றிரைச்சலுக்கு மேலே போனில் கத்தினாள்.
நான் அன்றைக்கு
ரொட்டவேட்டருக்கு மூன்றாவது ஆளாகக் காத்திருந்தேன்.
எங்கள் செம்மண் கட்டி
உடைந்தாலும் கட்டியாகத்தான் உடையும்.

ஒரு துண்டுக்கு இரண்டு கண்.
கத்தியைச் சாம்பலில் தோய்த்து வெட்டு.
வெட்டுவாய் ஒரு ராத்திரி ஆறட்டும்.
ஒரு சாண் இடைவெளி, கண் மேலாக.
பச்சையம்மா கேட்டாள், "கவுந்து போனா?"
கவிழ்ந்தாலும் சுற்றிக்கொண்டு வரும்,
ஆனால் தாமதமாகும்.
நமக்குத் தாமதிக்க நாள் இல்லை.

கார்த்திகை தீபத்துக்கு முன் புதனன்று
ஒரு மூட்டை மண்ணுக்குள் போனது.
மற்றதற்கு வண்டி வரவில்லை. கியர் பெட்டி போய்விட்டதாம்.
வெட்டாத மூட்டை
மோட்டார் கொட்டகை இருட்டில்
ஊதா நிறத்தில் முளைவிட்டுக்கொண்டு கிடந்தது.

தீபத்துக்கு மறுநாள்
டிவியில் வெள்ளையாய்ச் சுற்றிய சுழி
எங்களுக்கு வெறும் தூறல்.
அவளுக்கு மூன்று நாள் முழங்கால் தண்ணீர்.
நான்காம் நாள் போன் வந்தது.
கத்தவில்லை.
"தோண்டிப் பாத்தேன்க்கா. கையில கஞ்சியாட்டம் வருது."
பின்னால் தவளைகள்.
வேறெதுவும் அவள் சொல்லவில்லை. நானும்.

முனிரத்தினம் சோற்றுத் தட்டிலிருந்து நிமிராமல்
"பாதி நெலத்துக்கு என்ன பண்ணுவ?" என்றார்.
என்ன பண்ணுவேன் என்று எனக்குத் தெரியாது.
அவருக்கும் தெரியும் எனக்குத் தெரியாதென்று.
ரசம் ஊற்றினேன். சாப்பிட்டார்.
விடிகாலையில் மூட்டையை
டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

வேலூர் பஸ் ஸ்டாண்டு, திண்டிவனம் வண்டி.
கண்டக்டர் காலால் தட்டிப் பார்த்தார்.
"என்னம்மா?"
"உருளக்கெழங்கு."
"ஏன், அந்த ஊர்ல கடையே இல்லியா?"
இரண்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
ஓரத்தில் வையுங்கள், முளை ஒடிந்துவிடும் என்றேன்.
முளைவிட்ட கிழங்கைச் சாப்பிடக்கூடாது என்று
அவர் எனக்கு எடுத்துச் சொன்னார்.
வண்டி கிளம்பும்வரை சொன்னார்.

மார்கழி இரண்டாம் தேதி அவள் மறுபடி நட்டாள்.
இப்போது முந்தியவள் நான்.
எனக்கு இருபது நாள் பயிர்.
மண்ணைக் கீறி, சுருங்கிய கையை விரிக்கிறாற்போல
இலை விடுகிறது.
பாதி நிலத்தில் கொள்ளு தெளித்திருக்கிறேன்.
தசரதன் அதைப் பற்றிக் கேட்கவில்லை.
ஒரு நாள் வந்து குனிந்து
ஒரு செடியின் அடிமண்ணைத் தொட்டுவிட்டுப் போனார்.

ராத்திரி பத்து மணிக்குப் போன்.
"அங்க பனி எறங்கிடுச்சாக்கா?"
வெளியே வந்து கையை நீட்டிப் பார்க்கிறேன்.
பம்புசெட்டுக் குழாய் சில்லென்றிருக்கிறது.
"எறங்கிடுச்சு."
"இங்க இன்னும் கடக்காத்துதான்.
அப்புறம், மூட்டைல பதினோரு கெழங்கு கொறையுது."
"எண்ணினியா?"
"பின்ன?"